ஒழுங்கான பாய்

மகளே, உனக்கும் உன் தம்பிக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, முன்னே பின்னே இருக்கும்.

மன்னார்குடியில் நம் மோட்டார் ரிப்பேர் கடைக்கு எதிரே ஒரு சலூன் உண்டு. பம்புசெட்டு மோட்டாரை நம்மிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயிகள் அங்கேதான் போய் உட்காருவார்கள். ஃபேன் உண்டு, டிவி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்கு முடி வெட்டவும் எனக்குத் தாடி ஒதுக்கவும் போனோம். உனக்கு அப்போது ஏழு வயது.

என் கழுத்தில் துணியைக் கட்டி, தலையைச் சாய்த்து, நுரையும் பூசியாயிற்று. டிவியில் காமெடி. பச்சை பெல்ட், வலைத்தொப்பி, கையில் பிரியாணித் தட்டு. “நம்பள்கி பசிக்குது, நிம்பள்கி சோறு போடு” என்று ஒருவர் துள்ளினார். சலூனே சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நானும் சிரித்தால் அவர்களுக்கு நிம்மதி, அவ்வளவுதான். ஆனால் கத்தி என் தொண்டையில் இருந்தது.

“பாய், தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா தமாசு” என்றார் சலூன்காரர்.

அடுத்த காமெடியில் பெரிய சிலுவை போட்ட ஒருவர் பாட்டிலோடு தள்ளாடினார். “ஆண்டவரே, இன்னொரு ரவுண்டு!” பெஞ்சில் இருந்த தச்சர் மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே வந்தவர். குடிப்பழக்கம் இல்லாதவர். கையிலிருந்த பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். பக்கத்து ஆள் அவர் தொடையைத் தட்டி, “என்ன மாப்ள, உங்காளு ஃபுல்லா இருக்காரு” என்றார். பேப்பர் இறங்கவில்லை.

அப்போதுதான் நீ எழுந்து நின்றாய். வீட்டில் தினமும் பார்த்த காமெடி, உனக்கு மனப்பாடம். “நம்பள்கி முடி வெட்டு!” என்று இடுப்பை ஆட்டினாய். ஒரே கைதட்டல். “பாப்பா பின்னிட்டா! இன்னொருவாட்டி!” நீ என் பக்கம் திரும்பினாய்.

“அத்தா, நீங்க ஏன் இப்படிப் பேச மாட்டேங்கிறீங்க? நாம ஒழுங்கான பாய் இல்லையா?”

நான் பதில் சொல்லட்டும் என்று சலூன்காரர் கத்தியை என் தொண்டையிலிருந்து விலக்கிக்கொண்டார். நம் வீட்டில் எத்தனை தலைமுறையாகவோ தமிழ்தான் பேச்சு. உருதில் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

“நாம பேசுறதுதாம்மா நம்ம பேச்சு. இவங்கல்லாம் பேசுறாங்கள்ல, அதேதான்.”

“அடடா, பாய் கோவிச்சுக்கிட்டாரு” என்றது ஒரு குரல்.

“கோவமெல்லாம் இல்லங்க” என்றேன். சொல்லும்போதே அது கோபமாகத்தான் கேட்டது. அதனால் சிரித்தேன். நுரை வாய்க்குள் போயிற்று.

வேறு சலூனுக்குப் போயிருக்கலாம். ஆனால் எதிர்க்கடையைத் தாண்டிப் போனால், பாய்க்கு இன்னும் கோபம் தீரவில்லை என்பார்கள். அவர்கள் மோட்டாரில்தானே நம் அடுப்பு எரிகிறது. அடுத்த மாதமும் அங்கேயே போனோம்.

நுழைந்ததுமே, “பாப்பா, அந்தப் பாய் பேச்ச எடுத்து விடு” என்றார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் வேண்டாம் என்றும் தலையாட்டவில்லை, சரி என்றும் ஆட்டவில்லை.

“எனக்கு மறந்துபோச்சு மாமா” என்றாய்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் தம்பிக்கு அதையே நடித்துக்காட்டி அவனை உருண்டு சிரிக்க வைத்திருந்தாய். பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தவன், அன்று உன்னைக் கண்டிக்கவில்லை. யார் மனமும் கோணாமல் அங்கிருந்து வெளியே வர எனக்கு அதுவரை அகப்படாத வழி அது.