காமன் எரிந்த பிறகும் அவிழ்க்காத காப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நடுவில் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெல்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்போது காப்பிதான். ஓடைக்கு அந்தப் பக்கம் சாராயத் தவறணை வந்த பிறகு, பொழுது சாய்ந்தால் இளவட்டங்கள் அங்கேதான். ஒரு பையன் போதையில் பாறையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அதைப் பார்த்து, எங்களை வேலை வாங்கும் கங்காணி ஒரு வழி கண்டார். மாசியில் காமன் கூத்து ஆடுகிறவர்கள் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார்கள். அது கையில் இருக்கும் வரை குடிக்கக் கூடாது, தோட்டத்து எல்லையான அந்த ஓடையைத் தாண்டக் கூடாது. அந்த வருஷம் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் கல்யாணமாகாத பையன்கள் எல்லோருக்கும் கங்காணி காப்புக் கட்டிவிட்டார். குடிக்கவே தெரியாத என் அண்ணனுக்கும்தான். குரல் நன்றாயிருந்ததால் அவனுக்கு ரதி வேஷம்.

கூத்து முடியும் வரை தவறணைப் பக்கம் ஒருவனும் போகவில்லை. தாய்மார்களுக்கு நிம்மதி. காமனை எரித்ததும் காப்பை அவிழ்க்க வேண்டும். கங்காணி அவிழ்க்கவில்லை.

"இருக்கட்டும். கயிறு இருந்தாத்தான் காலு ஓடையில எறங்காது."

கண்டிக்குக் காப்பி ஏற்றும் மடவளை ஊர் முஸ்லிம் வண்டிக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், டவுனில் தன் கடை வேலைக்கு அண்ணனைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அண்ணன் கங்காணி வாசலில் போய் நின்றான். அம்மாவும் நானும் பின்னால்.

"பெரியய்யா, நான் குடிக்கிறதில்லையே. அவுத்து விடுங்க."

"ஒனக்கு அவுத்தா எல்லாப் பயலும் வந்து நிப்பான். போடா."

குடிக்கிற பையன்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கயிற்றைத் தாங்களே அறுத்தெறிந்துவிட்டு ஓடையைத் தாண்டினார்கள்.

"ஏன்டி ரதி, ஒம் புருசன் எரிஞ்சு சாம்பலாயிட்டான். இன்னும் என்ன துக்கம்?" என்று போகிற போக்கில் சிரித்தார்கள்.

அண்ணன் கயிற்றைத் தொடவில்லை. "சாமி கயிறுடா, கை வெச்சிடாத" என்று அம்மா அழுதாள்.

வண்டி வந்து ஓடைக்கு அப்பால் நின்றது.

"மகன், ஏறுறதா இல்லியா? மாட்டுக்கு இருக்கிற அவசரம் ஒங்களுக்கு இல்லியே!"

"நீங்க போங்க, நானா" என்றான் அண்ணன். வண்டி திரும்பி மறையும் வரை இக்கரையிலேயே நின்றான்.

அதன்பின் கங்காணி எல்லோருக்கும் அண்ணனைக் காட்டுவார். "புள்ளைன்னா இப்பிடி அடங்கி இருக்கணும்." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு காப்பி பறிப்பான். பாடச் சொன்னால் பாட மாட்டான். பிள்ளைகளைக் கெடாமல் காக்க யாராவது வழி சொன்னால் எனக்கு இன்றும் அண்ணன் கையிலிருந்த அந்தக் கயிறுதான் ஞாபகம் வருகிறது.

காமனை எரித்தது மாசியிலா, பங்குனி பிறந்தா என்று நிச்சயமில்லை. தவறணை எந்த வருஷம் வந்தது என்பதும் மறந்துபோயிற்று. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது விசாரித்துப் பார்த்து, பிழையிருந்தால் திருத்திவிடுங்கள்.