லாரிப் பட்டை போட்ட நூலக ஜீப்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் எனக்கு நூலகர் வேலை கிடைத்தது. சேர்ந்த மூன்றாம் மாதம் பள்ளித் தாளாளரான ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, இனி வாரத்தில் ஒருநாள் நூலகம் ஊர் ஊராகப் போகும் என்றார். பள்ளியில் ஒரு பழைய ஜீப் இருந்தது. அதன் பின்பக்கத்தை நீட்டி, இரண்டு ஓரமும் தேக்கு அலமாரி அடித்திருந்தார்கள். அதில் புத்தகங்களை அடுக்கி, வெள்ளிக்கிழமைதோறும் பேரையூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். நானும் டிரைவரும் மட்டும்.

ஆசாரி தேக்கைத் தாராளமாகப் போட்டுவிட்டார். புத்தகங்களையும் ஏற்றியதும் ஜீப்பின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்தது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. டிரைவர் ரோடு தெரிவதற்காக அடிக்கடி சீட்டிலிருந்து எழுந்து எழுந்து பார்த்து ஓட்டினார். திருமங்கலம் தாண்டி மண் ரோட்டில் இறங்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடியில் இரும்போடு இரும்பு மோதும். நான்காவது வாரம் ஒரு வறண்ட கண்மாய்க்குள் இறங்கி ஏறும்போது வேட்டுப் போட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஜீப் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

ஜீப்பின் ஸ்பிரிங் சுருள்கம்பி அல்ல என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வில்போல வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதில் எல்லாவற்றையும் தாங்கும் மெயின் பட்டை இரண்டாக முறிந்து கிடந்தது. டிராக்டர் வந்து இழுக்க வேண்டும், அதற்கு முன் பாரத்தை இறக்க வேண்டும். புத்தகங்களை எல்லாம் வேலிக்கருவை நிழலில் அடுக்கிவிட்டு, வெயில் சாயும்வரை நான் ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தேன். அப்படியும் ஓர் ஆடு இலக்கணப் புத்தகம் ஒன்றின் பொருளடக்கத்தைத் தின்றுவிட்டது. அன்றைக்கு எனக்குள் புகுந்த பயம்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

மறுநாள் ஃபாதர் அறையில் யோசனைக் கூட்டம். புத்தகங்களைப் பாதியாகக் குறைத்தால் என்ன என்றார் ஃபாதர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டிரைவர் பத்து வருஷம் லாரி ஓட்டியவர். அவருக்கு இதில் யோசிக்கவே எதுவும் இல்லை.

"லாரிப் பட்டை போட்ருவோம் ஃபாதர். பக்கத்துக்கு நாலு. பெறகு யானைய ஏத்துனாலும் அசையாது."

இயற்பியல் ஆசிரியர் ஒருவரையும் ஃபாதர் வரச்சொல்லியிருந்தார். மெலிந்த மனிதர், எதையும் எழுதிப் பார்க்காமல் பேசமாட்டார். முதலில் பாரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்றார். விறகுக்கடையிலிருந்து தராசு வந்தது. இரண்டு நாள் பள்ளி வராந்தாவில் நானும் அவரும் புத்தகங்களைப் பிரிவு பிரிவாகக் கட்டி நிறுத்தோம். கலைக்களஞ்சியமும் வேத விளக்கங்களும்தான் தட்டைத் தரையோடு அழுத்தின. கவிதைப் புத்தகங்கள் மொத்தமும் சேர்ந்து ஸ்டெப்னி டயரின் எடைக்கு வரவில்லை. ஆசிரியர் கூட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துக்கு இரண்டு பட்டை கூட்டி, ஷாக் அப்சார்பரைப் புதிதாக மாற்றினால் போதும், நான்கு போட்டால் பாரம் குறையும்போது வண்டி தூக்கித் தூக்கிப் போடும் என்றார். நாம் காலியாக எங்கே போகப்போகிறோம் என்று கேட்டார் டிரைவர். கடைசியில் அந்த வண்டியில் போகிறவர் சொல்லட்டும் என்று ஃபாதர் என் பக்கம் திரும்பினார். கண்மாயும் ஆடும் என் கண்முன் வந்தன. நான்கு என்றேன்.

தெற்குவாசல் பக்கம் ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்த பாய், ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"லோடு எப்பவும் இம்புட்டு இருக்குமாம்மா?"

எப்பவும் இருக்கும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். நூலகம் என்றால் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது ஒரு நூலகருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜீப் தொட்டில்போலப் போனது. டிரைவர் பாட்டுக்கூடப் பாடினார். முதல் ஊரில் நல்ல கூட்டம், இரண்டாவது ஊரில் அதைவிடக் கூட்டம். மூன்றாவது ஊரைவிட்டுக் கிளம்பும்போது அலமாரி பாதி காலி. அங்கிருந்து நாங்கள் உட்கார்ந்து பயணம் செய்தோம் என்று சொல்லமுடியாது. ஒரு சின்ன வரப்பு ஏறினாலும் வண்டி எங்களை மேலே எறிந்துவிட்டுத் தான் மட்டும் கீழே இறங்கியது. டிரைவரின் தலை கம்பியில் இடித்து நெற்றியில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்துவிட்டது. பின்னால் மிச்சமிருந்த புத்தகங்கள் கோழிகள்போலப் பறந்தன. திரும்பி வந்து இரண்டு நாள் என்னால் நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடியவில்லை. ஆனால் இயற்பியல் ஆசிரியரிடம் போய்ச் சொல்ல எங்கள் இருவருக்கும் மானம் இடம் கொடுக்கவில்லை.

டிரைவர் தன் வழியில் சமாளிக்கத் தொடங்கினார். யாராவது தடித்த புத்தகத்தைக் கையில் எடுத்தால் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். அது அவ்வளவு நன்றாக இருக்காது, முடிவு சரியில்லை என்பார். அவர் ஒரு புத்தகமும் படித்தவரில்லை. மெலிந்த கவிதைப் புத்தகங்களை எடுத்து ஆட்களின் கையில் திணிப்பார். நான் கோபித்துக்கொண்டேன். என் வேலையே கொடுப்பது என்றேன். அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

அந்த வாரமே எங்களுக்குள் ஓர் உடன்பாடு வந்தது. புத்தகம் எடுப்பவர் அதே கனத்துக்கு ஒரு கல் கொண்டுவந்து வைக்க வேண்டும். டிரைவர் ஒரு கையில் புத்தகமும் மறு கையில் கல்லுமாகத் தூக்கிப் பார்த்துச் சரி என்றால், நான் கல்லின்மேல் உறுப்பினர் எண்ணைச் சாக்பீஸால் எழுதி, புத்தகம் இருந்த இடத்தில் வைப்பேன். புத்தகம் திரும்பி வந்தால் கல்லைத் திருப்பிக் கொடுப்போம். இதில் வேடிக்கை என்னவென்றால் யாரும் சிரிக்கவில்லை. நூலகம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எங்கே கல் இருக்கிறதோ அங்கே புத்தகம் இல்லை, கல்லில் எண் இருக்கிறது. என் பதிவேடு அதற்குமுன் அவ்வளவு ஒழுங்காக இருந்ததே இல்லை. வண்டியும் அடங்கிப் போனது.

சிக்கல் ஒரு கரிசல் ஊரில் வந்தது. அங்கே நாயை விரட்டக்கூடக் கல் கிடைக்காது. பருத்திக்காட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண், எட்டாவதுவரை படித்தவர், வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைச் சேர்த்துத் தைத்து அட்டை போட்ட ஒரு நாவலைக் கேட்டார். கல் வேண்டும் என்றதும் ஓடிப்போய் வீட்டு அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். புத்தகத்தைப்போலப் பல மடங்கு கனம். டிரைவருக்கு ஏக சந்தோஷம். இதுக்கு நாலு புத்தகம்கூட எடுத்துக்கலாம் என்றார். அந்தப் பெண் ஒன்று போதும் என்றார்.

இரண்டு வாரம் அந்தக் குழவி வேத விளக்கங்களின் பக்கத்தில் பயணம் செய்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை நாங்கள் அந்த ஊருக்குள் நுழையும்போதே அந்தப் பெண்ணின் கணவர் ரோட்டில் நின்றிருந்தார்.

"டீச்சரம்மா, எங்க வீட்டுக் கொழவி உங்க வண்டில இருக்காம்ல. ரெண்டு வாரமா வெங்காயத்தக் கடிச்சுத்தான் கஞ்சி குடிக்கறேன்."

"இருக்கு மாப்ள," என்றார் டிரைவர். "புத்தகத்தக் குடுத்துட்டு எடுத்துக்க."

அதற்குள் மனைவியும் வந்துவிட்டார். புத்தகத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். இன்னும் முப்பது பக்கம் இருக்கிறதாம். "அந்தப் பிள்ள இப்பத்தான் ரயிலேறி இருக்கு. என்ன ஆச்சுன்னு தெரியாம எப்படிக் குடுக்கறது?" என்றார். கணவர் அவரிடம் பேசிப் பயனில்லை என்று கண்டு எங்களிடம் திரும்பினார்.

"ஒரு கொழவி இல்லேன்னா உங்க வண்டி ஓடாதாண்ணே?"

"வண்டி ஓடும். நாங்க ஓட மாட்டோம்," என்றார் டிரைவர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. குழவியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் பின்பக்கப் படியில் காலை வைத்து ஏறிவிட்டார்.

"அம்புட்டுத்தான? கொழவிக்குப் பதிலா நான் இருக்கேன். சாயங்காலம் இந்தப் பக்கந்தான திரும்பி வாரீங்க."

அவர் அலமாரிக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்து, விட்ட பக்கத்தைப் பிரித்தார். கணவர் குழவியை இறக்கி வாங்கிக்கொண்டார். வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குழவியோடு அவரும் ஏறி எதிரே உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்குப்போல அந்த ஜீப் என்றுமே சுகமாக ஓடியதில்லை.

மிச்சமிருந்த இரண்டு ஊர்களிலும் அந்தப் பெண் தலைநிமிரவில்லை. திரும்பும் வழியில் பின்னால் விசும்பல் கேட்டது. என்ன, என்ன என்று கணவர் பதறிக்கொண்டிருந்தார். மனைவி மூக்கைச் சிந்திவிட்டு, ஒண்ணுமில்லை என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினார். ஊர் வந்ததும் இருவரும் இறங்கி, முன்னால் மனைவியும் பின்னால் குழவியைச் சுமந்துகொண்டு கணவருமாகப் போனார்கள்.

சனிக்கிழமை காலையில் நானே இயற்பியல் ஆசிரியரிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு தாளை எடுத்து, அந்தப் பெண்ணின் எடை தோராயமாக எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். ஃபாதரிடம் சொன்னபோது அவர் ஜீப்புக்கு வந்து அலமாரியைத் திறந்து, எண் போட்ட கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதுவரை எத்தனை புத்தகம் தொலைந்திருக்கிறது என்றார். ஒன்றுகூட இல்லை என்றேன். அப்படியானால் கிறிஸ்துமஸ்வரை இப்படியே இருக்கட்டுமே என்றார். நான்தான் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்று, ஜீப்பைப் பட்டறைக்கு அனுப்பினேன். பாய் பக்கத்துக்கு இரண்டு பட்டையைக் கழற்றிவிட்டு ஷாக் அப்சார்பரை மாற்றினார். டிரைவர் பட்டறைக்குள் வரவே இல்லை, வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கரிசல் ஊரில் அந்தக் கணவர் மட்டும் வந்தார். கூட்டம் கலையும்வரை தள்ளியே நின்றுவிட்டுக் கிட்டே வந்தார். தனக்கு எழுத்துக் கூட்டவும் வராது என்றார்.

"ரயிலேறுன அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு டீச்சரம்மா? இவ சொல்ல மாட்டேங்கறா. கேட்டா அழுகறா."

ஜீப்பின் நிழலில் நின்று முழுக் கதையையும் சொன்னேன். ரொம்ப நேரம் பிடித்தது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. சீட்டைவிட்டு இறங்கி வந்து அவரும் கேட்டார். முடிந்ததும் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் கேட்டேன்னு அவகிட்டச் சொல்லிப்புடாதீங்க."

மறுவாரம் அந்தப் பெண் அடுத்த நாவலை எடுக்க வந்தார். பின்னாலேயே கணவரும் வந்தார். என்னை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவர்போல ஒரு கும்பிடு போட்டார்.