அத்தான் வாசித்த இரண்டு பாட்டு

கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூட விடுமுறை விட்டால் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருப்பவனுக்கு வேறு வேலை ஓடாது. வருகிற சொந்தக்காரரைக் கோயிலுக்கும் சேலைக்கடைக்கும் பல் டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு திரிய வேண்டும். போன வருடம் டொரொன்டோவிலிருந்து அக்காவும் அத்தானும் வந்தபோதும் இதுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அத்தான், நகரத்தின் மறுகோடியில் இருக்கிற கொட்டாஞ்சேனையைப் பார்க்க வேண்டும் என்றார்.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொட்டாஞ்சேனை என்பது கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாகன நெரிசலைத் திட்டிக்கொண்டு திரும்பி வருகிற இடம். அத்தான் ஒரு பேண்டின் பெயரைச் சொன்னார். எழுபதுகளில் தமிழில் பொப் பாட்டுப் பாடி ஊரையே ஆடவைத்த கொட்டாஞ்சேனைப் பையன்கள். இன்றைக்கும், கொழும்பானாலும் டொரொன்டோவானாலும், கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் ஆட்கள் அவர்களுடைய பாட்டுக்குத்தான் ஆடுகிறார்கள். அவர்கள் முதலில் மேடையேறிய மண்டபம், பெல்பொட்டம் தைத்த தையல்கடை, ஒத்திகை பார்த்த வீடு, எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமாம்.

உண்மையான காரணம் வேறு. அத்தான் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துப் படித்த காலத்தில், ஒரு நிகழ்ச்சியன்று மராக்காஸ் குலுக்குகிறவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம். கூட்டத்தில் நின்ற அத்தானை மேடைக்கு ஏற்றி இரண்டு பாட்டுக்கு வாசிக்க வைத்தார்களாம். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் இதைச் சொல்லி வருகிறார். அக்கா அன்றிலிருந்தே நம்பவில்லை. கிலுகிலுப்பை வித்துவான் என்று பட்டமும் கொடுத்திருந்தாள். இப்போது பேரப்பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் அத்தானைச் சுட்டது. பேண்டில் இருந்தவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால், அது உண்மைதான் என்று அவர் வாயால் ஒரு ‘ஓம்’ கேட்டுக்கொண்டுதான் திரும்பவும் விமானம் ஏறுவது என்று வந்திருந்தார்.

ராகுகாலம் கழிந்ததும் ஓட்டோ பிடித்தோம். மண்டபம் தளபாடக் கடையாகியிருந்தது. மேடை இருந்த இடத்தில் ஓர் இரட்டைக் கட்டில். அத்தான் அதற்கு முன்னால் விறைப்பாக நின்றார், நான் படம் எடுத்தேன். மெத்தைக்கு வேறு விலை என்று கடைப் பெண் சிங்களத்தில் சொன்னாள். தையல்கடை இருந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். அதையும் படம் எடுத்தேன்.

“இதுகளைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?” என்றாள் அக்கா.

ஒத்திகை வீடு இருந்த இடத்தில் ஒரு பிளாட் எழும்பியிருந்தது. அத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டாஞ்சேனையில் வெளிநாட்டுத் தமிழர் ஒருவர் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காவலாளி உடனே தரகருக்கு போன் போட்டார். தரகர் வீட்டுக் கதவுகளின் திறப்புக் கோர்வையோடு வந்து எங்களை லிஃப்டில் ஏற்றினார்.

வாங்க வரவில்லை என்று சொல்ல அத்தானுக்கு வாய் வரவில்லை. அக்காவுக்கு மனமே வரவில்லை. குசினி எந்தத் திசை, சாமியறைக்கு இடமுண்டா, மேல்வீட்டில் யார் என்று ஒன்றும் விடாமல் விசாரித்தாள். குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிற வேகத்தையும் பார்த்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. முன்பு இங்கே இருந்த பேண்ட்காரர்களைப் பற்றி நானே கேட்டேன்.

“அவங்களா? ட்ரம்ஸ் வாசிச்ச அங்கிள் பின்னால ஒழுங்கையிலதான் இருக்காரு,” என்றார் தரகர்.

ட்ரம்ஸ்காரர் சாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயது இருக்கும். மகள் எங்களுக்குப் பால் விடாத பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். அத்தான் தன்னுடைய கதையைச் சொன்னார். வீட்டில் கையையும் காலையும் ஆட்டிச் சொல்கிற மனிதர், இங்கே பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி மெதுவாகச் சொன்னார். கிழவர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார்.

“ஆமா ஆமா, வாசிச்சிருப்பீங்க. வெளிநாட்டுலேருந்து வர்ற எல்லாருமே நம்ம பேண்டுல வாசிச்சவங்கதான். போன மாசம் லண்டன்லேருந்து ஒருத்தர் வந்தாரு, கிட்டார் வாசிச்சாராம். நான் யாருக்கும் இல்லன்னு சொல்றதில்ல.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அத்தானின் முகம் செத்துப்போயிற்று. கேட்க வந்த ‘ஓம்’ கிடைத்தது, ஆனால் அது எல்லாருக்கும் கிடைக்கிற ‘ஓம்’. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனி அக்கா சாகும்வரை இதைச் சொல்லிச் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ஐயா, இவர் அந்த ஆக்களை மாதிரி இல்லை. இவர் மேடையில ஏறி அடிச்சவர்தான்.”

“நீங்க பாத்தீங்களாம்மா?”

“ஓம். முன்னுக்குத்தான் இருந்தனான்.”

அந்தக் காலத்தில் அக்கா யாழ்ப்பாணத்தில் இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் கொழும்பைக் கண்டதே கல்யாணத்துக்குப் பிறகுதான். அத்தான் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். நான் பிளேன்டீயைக் குடித்தேன்.

“எப்படி வாசிச்சாரு?” என்று கேட்டார் கிழவர்.

எத்தனையோ கல்யாண வீடுகளில் அத்தானோடு ஆடியவள் அக்கா. அதிகம் யோசிக்கவில்லை.

“பிழையாத்தான். பாட்டு முன்னுக்குப் போக இவர் பின்னுக்கு நிண்டவர்.”

கிழவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அத்தானை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார்.

“காய்ச்சல்காரனோட சட்டையக் குடுத்தோமே, பட்டன் பூட்ட முடியாம நின்னுச்சே, அந்தத் தம்பியா?”

“ஓம்,” என்றார் அத்தான்.

“அடப்பாவி. ரெண்டு பாட்டும் ஒங்கள இழுத்துக்கிட்டு நான் பட்ட பாடு.”

சட்டைக் கதையை அத்தான் எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் ஓட்டோ கொச்சிக்கடையைத் தாண்டியது. அத்தான் வெளியே பார்த்தபடி, “நான் பிழையா அடிக்கேல்லை,” என்றார்.

“பேசாமல் வாங்கோ,” என்றாள் அக்கா. “கண்ட சாட்சி ரெண்டு பேர் இருக்கிறம்.”