எரிந்த சேலையும் கரையான் தின்ற யானையும்

குப்பையில் சிலை செய்து, கந்தலில் திரை தைக்கிற வேலையில் முதல் கஷ்டமே அதை ஒரு தொழில் என்று மற்றவர்களை நம்ப வைப்பதுதான். இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாசலுக்கு வந்த சரக்கு

மாத்தளையில் என் வாடகை வீட்டு முற்றத்தில் கமுகம் மட்டையும் தையல்கடைத் துண்டுத் துணியும் குவிந்து கிடக்கும். பக்கத்து வீட்டு மேரி அக்கா தினமும் அதைப் பார்ப்பார். ஒரு நாள் காலையில் ஒரு சாக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். உள்ளே அழுகிய பலாச்சுளை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகச் சொன்னார்: "நேத்துத்தான் அழுகிச்சு தங்கச்சி, புதுசுதான், பாவிச்சுக்கங்க."

நாலந்தா யானை

மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் ஒரு தங்குவிடுதிக்குக் காய்ந்த வேரிலும் பழஞ்சாக்கிலும் யானை செய்து கொடுத்தேன். கூரைக்குக் கீழே வைக்கச் சொன்னேன், மரத்தடியில் வைத்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் முதலாளி ஆள் அனுப்பினார். ஏச்சு வாங்கத் தயாராகப் போனேன். யானையைக் காணவில்லை, அந்த இடத்தில் செம்மண் புற்று. முதலாளி சொன்னார்: "யானைய விட புத்து நல்லா இருக்கு மிஸ். அதுக்கு ஒரு தும்பிக்கை மட்டும் வச்சுத் தர ஏலுமா?"

பஸ்ஸிலிருந்து இறக்கியவர்கள்

யுத்த காலத்தில் கண்டியில் ஒரு கண்காட்சி. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியைக் கம்பியில் கட்டி, மட்டை சுற்றி, ஆளுயரத்துக்குச் செய்து, சாக்கில் பொதிந்து பஸ்ஸில் ஏற்றினேன். சோதனைச் சாவடியில் சிப்பாயின் கைக்குக் கம்பி தட்டுப்பட்டது. எல்லோரையும் இறக்கி, சாக்கைப் பிரித்து, சிலையை வீதியோரம் நிறுத்தினார்கள். அது வெறும் சிலைதான் என்று நான் சிங்களத்தில் விளக்கினேன். அடையாள அட்டை இல்லாத தோட்டத்து அம்மா ஒருவரையும் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

மேலதிகாரி ஒருவர் வந்தார். சிலையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்து, கொண்டுபோகச் சொன்னார். அந்த அம்மாவை உடனே விடவில்லை. கண்டக்டர் பஸ்ஸை எடுக்காமல் காத்திருந்தார். ஒருவழியாக ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மா கேட்டார்: "ஒங்க பொம்பளைக்கும் காட் இல்லதானே, அவள மட்டும் எப்படிங்க மொதல்ல விட்டாங்க?"

கருகிய ஓரம்

கலவரத்தில் நகரத்துக் கடைகளைக் கொளுத்திய பிறகு, தெரிந்த துணிக்கடை முதலாளி ஒருவர் கருகிய சேலைகளை வீசுவதற்காக மூட்டை கட்டி வைத்திருந்தார். கேட்டு வாங்கிவந்தேன். கரி பிடித்த ஓரங்களை வெட்டாமல், சணல் நூலால் ஒன்றோடொன்று தைத்துச் சுவர் நீளத்துக்கு ஒரு திரை செய்தேன். அவருக்குக் காட்டப் பயமாக இருந்தது. ஒரு நாள் அவரே வந்துவிட்டார்.

ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, இது தீபாவளிச் சரக்கு, இது பிரிக்காத கட்டு என்றார். விரலில் கரி ஒட்டியதைத் துடைக்கவில்லை. பிறகு திரையைத் தானே இறக்கி, கடையில் மடிப்பதுபோலவே நேர்த்தியாக மடித்தார். "கடை முன்னால மாட்டினா வர்ற ஆளுங்க பயப்படுவாங்கம்மா. ஸ்டோர் ரூம்ல மாட்டுறேன், நான் மட்டும் பாத்தா போதும்."

இத்தனை வருஷமாகக் கழிவில் வேலை செய்து, நான் வீசியது என் படைப்புகளுக்கு எழுதிய விலைச்சீட்டுகளை மட்டும்தான்.