அறைக்குள் ஏறாத குண்டு

இடுப்பில் துவக்கோடு ஸ்காபரோவின் கடைத்தொகுதிகளில் ஏறி இறங்கும் வேலையை ஒன்றரை வருடம் பார்த்தேன். அதில் முதல் மூன்று மாதமும் என் துவக்கு உடனே சுடக்கூடிய நிலையில் இருக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசு கொண்டுபோகும் கவச வாகனத்தில் காவலனாகச் சேர்ந்தேன். பயிற்சியில் எல்லோரையும்விட நன்றாகவே சுட்டேன். பயிற்சியாளர் ஒரு விஷயத்தைத்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பிடிக்குள் செருகும் மகசினில் குண்டு இருந்தால் போதாது. துவக்கின் மேற்பகுதியைப் பின்னால் இழுத்துவிட்டு, ஒரு குண்டைக் குழலின் பின்னாலுள்ள சுடும் அறைக்குள் ஏற்றிக்கொண்டுதான், வாகனங்கள் நிற்கும் டிப்போவை விட்டு வெளிக்கிட வேண்டும். இழுப்பதற்கு இரண்டு கை வேண்டும், ஆபத்து வரும் நேரத்தில் உங்களுக்கு இரண்டு கை இருக்காது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஊரில் துவக்கோடு வந்த ஒருவன் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டான். துவக்கைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுக் குடித்தான். அது சரிந்து விழுந்து வெடித்தது. குண்டு அக்காவின் தொடையில் பாய்ந்தது. அவனே அழுதுகொண்டு அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஒருவரும் ஒருவரையும் சுட நினைக்கவில்லை. அக்கா இப்போது இங்கே பக்கத்து நகரமான பிக்கரிங்கில் இருக்கிறாள். இன்றும் வலது காலை இழுத்துத்தான் நடப்பாள். நான் வாகனம் ஓட்டுவதாக மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

டிப்போவில், மணல் நிரப்பிய தடித்த குழாய் ஒன்று சாய்வாக நிற்கும். துவக்கின் வாயை அதற்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் குண்டு ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். தவறி வெடித்தாலும் மணலோடு போய்விடும். முதலில் மகசினைப் போட்டு, பிறகு மேற்பகுதியை இழுப்பது முறை. நான் முதலில் இழுத்துவிட்டு, பிறகு மகசினைப் போட்டேன். பக்கத்தில் நிற்பவருக்கு அதே சத்தங்கள்தான் கேட்கும். அறை மட்டும் வெறுமையாக இருக்கும். மாலையில் குண்டை இறக்கும்போது எல்லோரும் போகும்வரை காத்திருந்து கடைசியாகப் போவேன்.

என்னோடு இறங்கி வேலை செய்தது ஒரு தமிழ்ப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். மன்னாரில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கே வந்தவள். முன்பு பஸ் ஓட்டியவள். ஓட்டுநர் வாகனத்தை விட்டு இறங்கவே மாட்டார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். நான் மூன்றடி பின்னால், கைகளை வெறுமையாக வைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தபடி நடக்க வேண்டும். அவள் எதிரே பார்த்து விறுவிறுவென்று போவாள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

ஜனவரியில் ஒரு நாள், வெக்ஸ்போர்ட்டில் ஒரு மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்தோம். தரையெல்லாம் பனி இறுகிக் கிடந்தது. தலையை மூடிய ஒருவன், ஒரு கையை ஜக்கெட் பொக்கற்றுக்குள் விட்டபடி, வாகனத் தரிப்பிடத்திலிருந்து எங்களை நோக்கி ஓடிவந்தான். என் வலது கை துவக்கின் பிடியில் போய் நின்றது. இடது கையும் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அதில் தடித்த கையுறை. அதைக் கழற்ற வேண்டும், இழுக்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். அவன் எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து ஓடினான். பொக்கற்றிலிருந்து கையை எடுத்துப் புறப்படவிருந்த பஸ்ஸை மறித்து ஆட்டினான். கையில் பஸ் அட்டை இருந்தது.

வாகனத்துக்குள் ஏறிக் கதவைப் பூட்டியதும் அவள் சிரித்துவிட்டாள். என்னால் இருக்கையில் இருக்க முடியவில்லை. இடது கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அன்று மாலை நான் கடைசியாகக் குழாயடிக்குப் போனபோது அவள் போகாமல் பின்னால் நின்றாள். மகசினைக் கழற்றினேன். மேற்பகுதியை இழுத்தேன். வெளியே துள்ளி விழவேண்டிய குண்டு விழவில்லை.

"அண்ணை, உங்கட குண்டு எங்க?"

மேற்பகுதியைப் பிடித்தபடி வெறும் அறையைக் காட்டினேன்.

"எவ்வளவு நாளா?"

"துவக்கத்திலயிருந்து," என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நான் பையைத் தூக்கிக்கொண்டு போகேக்க திரும்பிப் பாக்கிறேல்ல. நீங்கள் பின்னால நிக்கிறியள் எண்டுதான் பாக்கிறேல்ல," என்றாள். பிறகு, "நான் மேல ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன். நாளைக்கு ஏத்திக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி வராதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வீட்டுக்குப் போகாமல் நேரே பிக்கரிங்குக்குப் போனேன். அக்கா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோகிறேனா என்றுதான். இல்லை, டிப்போவிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றேன். வேலையை விடச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதற்காகத்தான் போயிருந்தேன்.

"என்ர காலை ஏன் இதுக்குள்ள இழுக்கிறாய்?" என்றாள். "அந்தப் பிள்ளை உன்னை நம்பித்தானே முன்னால நடக்குது. ஏலாதெண்டால் விட்டிட்டு வா. செய்யிறதெண்டால் ஒழுங்காச் செய்."

இவ்வளவு காலமும் அவளுடைய காலுக்காகவே நான் பயப்படுவதாக நினைத்திருந்தேன். அவள் அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை முறைப்படி செய்தேன். மகசின், பிறகு இழுப்பு. குண்டு உள்ளே ஏறும்போது அந்தச் சின்ன அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. பக்கத்தில் நின்று பார்த்தவள் வாகனத்தில் ஏறினாள். குண்டு ஏறிய துவக்கு பாரத்தில் அப்படியொன்றும் வித்தியாசப்படாது. ஆனாலும் என் உடம்பு அதைத் தனியாகச் சுமந்தது. துவக்கு இடுப்பு உறைக்குள் இருக்கும்வரை விசையில் ஒன்றும் படாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், சப்பாத்து நாடா அவிழ்ந்தால் குனிந்து கட்டமாட்டேன். அஜின்கோர்ட்டில் ஒரு கோப்பிக் கடையில், என் இடுப்பளவு உயரமான ஒரு சின்னப் பிள்ளை வரிசையில் பக்கத்தில் வந்து நின்றது. முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனேன். தாய் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

இன்னொன்றும் மாறியிருந்தது. பையோடு நடக்கும்போது அவள் இப்போது ஒவ்வொரு பத்தடிக்கும் திரும்பிப் பார்த்தாள். குண்டு ஏற்றுவதைத் தினமும் கண்ணால் கண்டும் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் அவள் வேறு கதை கதைத்தாள். கோடை வந்த பிறகுதான் அவள் திரும்பிப் பார்ப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முற்றாக நிற்கவில்லை.

அதற்குள் எனக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார். ஒரு நாள் வாகனத்துக்குத் திரும்பும்போது, "அண்ணை, நீங்கள் ஒரு காலை இழுத்து நடக்கிறியள். தெரியுமோ?" என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியாது. துவக்கின் வாய்க்குக் கீழே வராதபடி என் வலது காலை எட்ட வைத்தே நடந்து பழகியிருக்கிறேன். அன்றிரவே மனைவியிடம் வேறு வேலை பார்க்கப்போவதாகச் சொன்னேன். 

அடுத்த வசந்தத்தில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டப் போனேன். அந்த ஒன்றரை வருடத்தில் நாங்கள் இருவரும் டிப்போவுக்கு வெளியே ஒரு முறைகூடத் துவக்கை உறையிலிருந்து எடுக்கவில்லை. அறையில் குண்டு இருந்ததோ இல்லையோ, அது யாரையும் காப்பாற்றவுமில்லை, யாரையும் காயப்படுத்தவுமில்லை. அதனால் நான் செய்தது சின்னப் பிழை என்று சிலநேரம் நினைக்கப் பார்ப்பேன். முடிவதில்லை.

போன கிழமை மீன் வாங்கப் போனபோது கடைவாசலில் ஒரு கவச வாகனம் நின்றது. யாரோ இருவர், என்னிலும் இளையவர்கள், இறங்கி உள்ளே போனார்கள். முன்னால் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் வெளியே வந்து, ஏறி, கதவைப் பூட்டும்வரை நான் காரைவிட்டு இறங்கவில்லை.