ஆமாவா இல்லையா, ஒரு வார்த்தையில சொல்லணுமாம்

இன்னிக்கு மத்தியானம் ஒரு போன்.

நானும் தம்பி ஸ்டீபனும் சாப்டுக்கினு இருந்தோம்.

(புடவைக் கடை வேலைல எனக்கு லீவே மாசத்துக்கு ரெண்டு நாள். அதுல ஒண்ணு இன்னிக்கு.)

தெரியாதவங்களுக்கு சொல்றேன். ஸ்டீபன் போதை மாத்திரை பழக்கத்துக்காக மறுவாழ்வு மையத்துல மூணு மாசம் இருந்தான்.

வெளிய வந்து ஆறு மாசம் ஆவுது. காஞ்சிபுரம் செவிலிமேட்டுல எங்க வீட்லதான் இருக்கான். பிள்ளையார்பாளையத்துல சாயப்பட்டறை வேலை.

மையத்துலேர்ந்து ஒரு பொண்ணு பேசிச்சு.

“அக்கா, ஆறு மாச ஃபாலோ-அப். ட்ரீட்மென்ட் எவ்ளோ பேருக்கு பலன் குடுத்துருக்குதுன்னு பாக்குறோம். ஸ்டீபன் இப்போ மாத்திரை எடுக்குறாரா? ஆமா, இல்ல, அது போதும்.”

அவன் காதுலயும் விழட்டும்னு பெருமையா ஸ்பீக்கர்ல போட்டேன்.

“இல்லமா, நல்லா இருக்...”

முடிக்கல. அவன் இடது கையால போனை வாங்கிட்டான்.

“ஆமான்னு போடுமா. ரெண்டு வாரமா எடுக்குறேன்.”

எனக்கே அப்பதான் தெரியும். ஒரே வீட்ல இருக்கேன்.

“சரிண்ணா... பலன் இல்லன்னு போட்டுக்குறேன்.”

“அஞ்சரை மாசம் தொடலியேமா. அத எங்க எழுதுவ?”

“ஃபார்ம்ல அதுக்கு இடம் இல்லண்ணா.” அந்தப் பொண்ணுக்கே குரல் இறங்கிப்போச்சு.

“என் பக்கத்து பெட் பாபு? அவனுக்கு என்ன போட்ட?”

“போன் எடுக்கலண்ணா. தொடர்பு கிடைக்கலன்னு.”

“எப்டிமா எடுப்பான். மாத்திரைய கரைச்சு ஊசி போட்டுக்கினு செத்துட்டான். பதினாறு நாள் ஆவுது.”



பதினாறு நாள் முன்னாடி ஓரிக்கை போய்ட்டு வந்தவன் சாப்டாம படுத்துக்கினான். நான் தலைவலின்னு நெனச்சு தைலம் எடுத்துக் குடுத்தேன். பாபு சாவுக்குப் போய்ட்டு வந்துருக்கான்னு இப்பதான் புரியுது.

போனை வெச்சப்புறம் கேட்டேன். “எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“நீ கடையில எல்லார்கிட்டயும் தம்பி திருந்திட்டான்னு சொல்லிக்கினு இருந்தக்கா. எப்டி சொல்றது?”

சோறு காஞ்சு போச்சு, ரெண்டு பேரும் கைய கழுவாம உக்காந்துக்கினு இருந்தோம்.

அப்புறம் அவனே கேட்டான். “மறுபடியும் சேத்துப்பாங்களா?”

அதே நம்பருக்கு நான் கூப்ட்டேன். நாளைக்கு காலைல வரச் சொல்லிருக்குது அந்தப் பொண்ணு.

கடை ஓனரம்மாகிட்ட உடம்பு சரியில்லன்னு சொல்லலாம்னு பாத்தேன். கடைசியில உள்ளதைச் சொல்லித்தான் லீவு வாங்கினேன்.

உங்கள்ல யாராச்சும் வீட்டு ஆளை ரெண்டாவது தடவ கூட்டிக்கினு போயிருக்கீங்களா?

பஸ்ல போறப்ப அவங்ககிட்ட என்ன பேசுனீங்க?