அத்தான் ஊற்றிய தண்ணீர்

என் அக்காவின் கணவர் டாக்டர். யுத்தத்தின்போது ராணுவ ஆஸ்பத்திரி வேலைக்கு என்று பர்மா எல்லைப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. தந்திதான் வந்தது. சாந்தோமில் அவர்கள் குடியிருந்த வீட்டை அக்கா காலி செய்யவில்லை. துணைக்கு நான் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டேன். வீட்டின் பக்கவாட்டில் ஓலைக் கொட்டகைக்குள், மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தபடி, அத்தானின் கார் நின்றது. வாங்கும்போதே அது பழைய கார்.

யுத்தம் முடிந்து, பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த சமயம். அக்காவுக்கு அடையாற்றில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஒருநாள் பஸ்ஸுக்கு நின்று நின்று வெயிலில் வாடி வந்தவள், செருப்பைக் கூடக் கழற்றாமல், "தம்பி, அந்தக் காரை ஓடவைக்க முடியுமான்னு கேட்டுப் பாரேன். நானே ஓட்டக் கத்துக்கறேன்" என்றாள். அத்தான் போன பிறகு அவள் தனக்காக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளே சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய், அத்தானுக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன்.

அவர் டயர், பேட்டரி எல்லாம் மாற்றினார். ஒரு சனிக்கிழமை காலை ரேடியேட்டரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாமா இது, உள்ள ஒரே சேறா கீது. உங்க கெணத்துத் தண்ணி உப்பு. அது இத்தினி வருசமா உள்ளயே நின்னுகினு துருப்பிடிச்சிக் கீது. தண்ணிய எறக்கிட்டு நல்லாக் கழுவணும்."

கீழே படுத்து, ரேடியேட்டரின் அடியில் இருந்த சின்னக் குழாயைத் திருகினார். முதலில் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் செங்கல்லைக் கரைத்த மாதிரி தண்ணீர் கொட்டி, மணலில் ஓடியது.

அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "இது அவர் ஊத்தின தண்ணி" என்றாள்.

மெக்கானிக் சட்டென்று குழாயை மூடிவிட்டார். படுத்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்து, "வாணாம்னா சொல்லிடும்மா. அப்பிடியே உட்டுடறேன்" என்றார்.

"இல்ல. தொறந்துவிடுங்க."

தண்ணீர் மறுபடி ஓடியது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "கிளம்பற அன்னிக்குக் காலைல வாளியத் தூக்கிட்டு வந்து ஊத்தினார். நான் இல்லாதப்போ வண்டி காயக் கூடாதுன்னார். வா, தெருமுனை வரைக்கும் ஒருதரம் நீ ஓட்டுன்னு கூப்பிட்டார். பெட்டி அடுக்கணும், நீங்க வந்தப்புறம் பாத்துக்கலாம்னு நான் உள்ள போயிட்டேன்."

மெக்கானிக் வெந்நீர் கேட்டார்; நான் உள்ளே போய் அடுப்பில் வைத்தேன்.

மெக்கானிக் சலவை சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதை வடித்தார். கருப்பாக வந்தது. பிறகு பழுப்பாக வந்தது. நானும் அக்காவும் தெருக்குழாயிலிருந்து வாளி வாளியாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தோம். கடைசியில் கண்ணாடி போல வந்தபோது அக்கா உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள். புடவை முழுக்க நனைந்து, துருக்கறையோடு நின்றவள் சிரித்தாள். எத்தனையோ நாள் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

சாயங்காலம் கிளம்பினோம். மெக்கானிக் ஓட்ட, அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையையும் காலையும் கவனித்துக்கொண்டே வந்தாள். கியரை ஏன் இப்போது மாற்றினீர்கள் என்று கேட்டாள். "நாளைக்கு நான்" என்று திரும்பி என்னிடம் சொன்னாள். அடையாறு பாலத்தின் நடுவில் வரும்போது முன்பக்கத்திலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டரின் தகடெல்லாம் பல இடங்களில் கசிந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "தகடு எப்பவோ ஓட்டையாயிருக்கும்மா. துருதான் அந்த ஓட்டைய அடைச்சிக்கினு இருந்துக்குது. சோடா போட்டு அதப் போக்கிட்டேனே. கழுவாமயே உட்டிருக்கணும்."

"நல்லதுக்குத்தானே செஞ்சீங்க, விடுங்க" என்றாள் அக்கா. ஆனால் அவர் விடவில்லை. வண்டியை வீட்டுக்குத் தள்ளிவந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு போய் ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தார். ஓரிடத்தில் அடைத்தால் இன்னோர் இடத்தில் கசிந்தது. வேறு ரேடியேட்டர் தேடி அலைந்தார். அந்த மாதிரிக் கார் வருவதே நின்று போயிருந்தது. கடைசியில் அக்காவே, "போதும், எடுத்துட்டுப் போயிடுங்க. பாகங்கள் யாருக்காவது உதவட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

கழுவுவதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தால், அதுவரை மெதுவாக ஓட்டியிருந்தால், அவளும் ஓட்டக் கற்றிருப்பாளோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பதில் தெரியாத கேள்விதான், ஆனாலும் போகமாட்டேன் என்கிறது.

காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன காலையில் அவள் அழுதிருந்தால், ஆறுதலாக ஏதாவது சொல்ல எனக்கு வாய் வந்திருக்கும். அவளோ வாசல் கதவைப் பிடித்தபடி, வண்டி தெருமுனையில் திரும்பும் வரைக்கும் பார்த்தாள். பிறகு, "முதல் பஸ் போயிருக்கும்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.